அந்த மூன்று போன் கால்களுக்கு நன்றி

குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்க வீடு வீடாக வந்த அக்காக்களுக்கும், அதற்கப்புறம் எங்களோடு அலைந்த எல்லாருக்கும் இந்த மடல்.

நீங்கள் வந்த அன்று என் மகனுக்கு 20 மாதம். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதற்கு முன்பே ஓரிடத்தில் காட்டியிருந்தோம், 'ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான், போங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள், நாங்களும் அதையே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

கேள்வித்தாளோடு வந்த அக்கா முதலில் கேட்டது பிரசவம் எப்போது என்றுதான். எட்டு வாரம் முன்னாடியே பிறந்தவன் என்றதும், இரண்டு வயது வரைக்கும் அதைக் கழித்துத்தான் பார்க்கணும் என்று 18 மாதக் குழந்தையாகவே கணக்கு வைத்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டினார், கிண்ணத்துக்குள் கட்டையைப் போடச் சொன்னார். எல்லாம் செய்தான், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவும் செய்தான். பின்னால் போய் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் திரும்பவே இல்லை. மறுபடி கூப்பிட்டார், அப்போதும் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 'இதை வைத்து என்ன குறை என்று சொல்ல முடியாதும்மா, மேற்கொண்டு பார்க்கணுமா என்று மட்டும்தான் தெரியும், முதலில் காதைப் பார்த்துவிடுவோம்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்களே அக்கா, அந்த நிதானத்துக்கு நன்றி.

உண்மையைச் சொல்கிறேன், நாங்கள் போகவில்லை. பிறந்ததும் எடுத்த காது பரிசோதனையில் சரி என்றுதானே வந்தது, கதவு அறைந்தால் திரும்புகிறானே என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னோம். பதிவேட்டைப் பார்த்து நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்கள். மூன்றாவது முறை என் அத்தையிடமே பேசி, பிறந்தபோது நன்றாக இருந்த காதும் பிறகு மந்தமாகலாம் என்று பொறுமையாகப் புரியவைத்தீர்கள். மறுநாள் அத்தைதான் முதலில் கிளம்பி நின்றார். அவருக்கும் நன்றி.

குழந்தை தூங்கட்டும் என்று ஒன்றரை மணி நேரம் முகம் சுளிக்காமல் காத்திருந்து பரிசோதனை எடுத்த தம்பிக்கும் பெரிய நன்றி. இரண்டு காதிலும் மிதமான குறைபாடு. உரத்த சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் எட்டாது, அதனால்தான் இத்தனை நாள் எங்களுக்குத் தெரியவில்லை.

காதுக் கருவி மாட்டிய அன்று கையிலிருந்த மரப் பொம்மை தரையில் விழுந்தது. திடுக்கிட்டுப் பார்த்தான். எடுத்தான், மறுபடி போட்டான், ஏழெட்டு முறை, ஒவ்வொரு முறையும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. யாரும் பேசவில்லை.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி, அந்த நேரம் பெரியவளைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளருக்கும்தான். இப்போது ஆறேழு வார்த்தை இருக்கிறது. போன வாரம் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பி 'ம்மா' என்றான்.

அடுத்த சுற்றுக்கு ஆள் வேண்டும் என்றீர்களே, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு வராமல் விட்டவர்களுக்கு போன் செய்கிற வேலையை எனக்கே கொடுங்கள்.