'அண்டர்டேக்' என்றால் வெறும் 'செய்தல்' இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்,

சென்ற வார மாணவர் பக்கத்தின் ஆங்கிலச் சொற்பட்டியலில் 'அண்டர்டேக்' என்ற வினைச்சொல்லுக்கு நேரே 'செய்தல்' என்று போட்டு முடித்துவிட்டீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இது போதும் என்று நினைத்திருக்கலாம், ஆனால் அந்தச் சொல் பரீட்சையோடு நிற்பதில்லை, பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியே வந்து கையெழுத்து வைக்கிற கடதாசிகளில்தான் அது கூடுதலாக இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் லீசிங்கில் ஓட்டோ எடுத்தபோது பக்கத்து வீட்டு அக்கா பிணை நின்றார். படிவம் முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் 'ஐ அண்டர்டேக் டு பே' என்று தொடங்கும் பொடி எழுத்து வரி, அதற்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி, அவ்வளவுதான் அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். தவணை நின்று கடிதம் வந்த பிறகு அதைக் கொண்டுவந்து, "சேர், இது சும்மா சாட்சிக் கையெழுத்துத்தானே?" என்று கேட்டார். இல்லையே! அண்டர்டேக்குக்குப் பிறகு 'டு' வந்து அதோடு இன்னொரு வினையும் வந்தால் அது வாக்குக் கொடுப்பது, அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. நீதிமன்றத்தில் ஒருவர் கொடுக்கும் 'அண்டர்டேக்கிங்' இன்னும் கடுமை, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம்.

பின்னால் பெயர்ச்சொல் வந்தால் இவ்வளவு பயமில்லை. ஓர் ஆய்வை, நீண்ட பயணத்தை, குளத்துக்கட்டுத் திருத்தத்தை அண்டர்டேக் பண்ணினார்கள் என்றால் பொறுப்பெடுத்துத் தொடங்கினார்கள் என்று பொருள். கோப்பை கழுவுவதற்கெல்லாம் இந்தச் சொல்லைப் போட்டால் சிரிப்பார்கள், பேச்சுக்கு 'டேக் ஆன்' போதும். அப்புறம், சங்கக் கடிதங்களில் 'அண்டர்டேக் டூயிங்' என்று எழுதுகிறார்களே, அது பிழை, 'அண்டர்டேக் டு டூ' என்றே வர வேண்டும். இறந்தகாலம் 'அண்டர்டுக்', 'அண்டர்டேக்ட்' என்று ஒன்று கிடையாது.

தமிழில் என்ன போடலாம் என்றால், மட்டக்களப்புப் பக்கத்தில் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடியார் 'எடுத்துச் செய்வார்கள்' அல்லவா, அந்தச் சொல்லையே போடலாம். எடுத்தால் எடுத்ததுதான், வெள்ளாமை சரியில்லை என்று திருவிழாவை விட முடியாது.

'அண்டர்டேக்கர்' என்றால் இன்று மலர்ச்சாலைக்காரர், அதாவது இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்பவர். முன்பு எந்த வேலையைப் பொறுப்பெடுத்தவருக்கும் அதுதான் பெயர், 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் அல்ஸ்டரில் குடியேற்றம் செய்து தருகிறோம் என்று அரசரிடம் நிலம் வாங்கியவர்களையும் அப்படியே அழைத்தார்கள். பிரித்தானியாவில் முன்னால் போகிற வாகனத்தை இடப்பக்கத்தால் முந்துவதற்கும் அண்டர்டேக் என்பார்கள். கல்முனை வீதியில் பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவில் நுழைகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் செய்வது அதேதான், அதை யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

சரி, என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வாரம் அந்தச் சொல்லை மறுபடி போடுங்கள், 'டு' வருகிற வாக்கியம் ஒன்றும் வராத வாக்கியம் ஒன்றுமாக. இடம் இருந்தால் கடன் படிவங்களில் வருகிற மற்றச் சொற்களையும் தொடர்ந்து எழுதுங்கள், பிணை உத்தரவாதத்தைக் குறிக்கும் 'கேரண்டி' என்பதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி