நாற்று நிற்க இடம் வேண்டும்

மன்னார்குடி

அன்புக் கயலுக்கு,

போன ஞாயிறு போனில், "எலிக்கு ஏத்துற செல் எதுவும் ஈரல்ல நிக்க மாட்டேங்குதுப்பா, ஆராய்ச்சிய விட்டுட்டு வந்துடலாமான்னு இருக்கு" என்றாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. நீ அனுப்பியிருந்த கட்டுரைகளை நம்ம பயாலஜி வாத்தியாரை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்தும்மா.

1992இல் மிச்சிகனில் பரம்பரைக் கொழுப்பு நோய் உள்ள ஒரு பெண்ணுக்குச் செய்திருக்கிறார்களே, அதுதான் முதலில் மனசில் நின்றது. ஈரலில் ஒரு துண்டை எடுத்து, செல்களைப் பிரித்து, சரியான மரபணுவை வைரஸ் மூலம் ஏற்றி, ஈரலுக்குப் போகிற போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக அவருக்கே திரும்பக் கொடுத்தார்கள். கொழுப்பு இறங்கியது, நோய் தீரும் அளவுக்கு இல்லை. எனக்கு நம்ம வயல்தான் கண்ணுக்கு வந்தது. நெருங்கி நிற்கிற பயிருக்கு நடுவே புது நாற்றைச் செருகினால் தூர் கட்டுமா? பக்கத்துப் பயிர் இடம் விடாது.

ஆரிகனில் எலிகளுக்கு நடந்தது வேறு. டைரோசினீமியா என்கிற பரம்பரை நோய் வந்த ஈரலில் பழைய செல்கள் தமக்குள் சேரும் நஞ்சிலேயே சாகின்றன. மரபணு சரியான செல் பிழைத்துப் பெருகுகிறது; கொஞ்சம் செல்லே ஈரலை நிரப்பிவிடுகிறது. மேயோ கிளினிக்கில் அதே நோயுள்ள பன்றிகளின் ஈரல் செல்லைத் திருத்தி அவற்றுக்கே கொடுத்து, அந்த நஞ்சு சேராமல் தடுக்கிற நிட்டிசினோன் மருந்தை நிறுத்திய பிறகும் வாழவைத்ததை 2016இல் எழுதியிருக்கிறார்கள். அந்த மருந்து, களைக்கொல்லி தேடியவர்கள் கையில் கிடைத்த பொருளாம்! படித்துவிட்டு உட்கார முடியாமல் வரப்பு வரை நடந்துவிட்டு வந்தேன். ஆயுசு முழுக்கக் களையோடு மல்லுக்கட்டியவன் நான். மருந்து கொடுத்தால் பழைய செல் தாங்கும், நிறுத்தினால் புதுசுக்கு இடம் கிடைக்கும். எவ்வளவு அழகான வேலை!

உன் எலிகளுக்கோ சிரோசிஸ். அங்கே எல்லாம் தழும்பு. களர் நிலம் மாதிரி. ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிக்காமல் களரில் யாராவது நடுவார்களா? எடின்பரோவில் நோயாளியின் ரத்தத்திலிருந்தே மாக்ரோஃபேஜ் என்கிற, கழிவை விழுங்கும் செல்லை வளர்த்து ஏற்றிப் பார்த்தது தழும்பைக் கரைக்கத்தானே? முதலில் நிலம், அப்புறம் நாற்று என்று நீ முயன்று பார்த்தாயா?

அம்மாவுக்கு ஈரல் கொடுக்க என் ரத்த வகை சேரவில்லை. உனக்கு அப்போது 17 வயசு, எடுக்கக் கூடாது என்றார்கள். "வெட்டினாலும் வளர்ந்துடும்னுதானே படிச்சோம், ஏம்ப்பா எடுக்க மாட்டேங்கிறாங்க" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. கொடுக்க ஆளில்லாத வீட்டில் நோயாளியின் சொந்தச் செல்லே போதும் என்று ஒரு நாள் வரவேண்டும், கண்ணு. அதை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

களைத்துப்போய் வருகிறாய் என்றால் இன்றைக்கே கிளம்பி வா, ஒரு மாசம் இரு. செல் நிற்கவில்லை என்பதற்காக விட்டுவிட்டு வராதே.

அடுத்த எலியில் எத்தனை செல் நின்றது என்று எண்ணி எழுது. ஒன்றே ஒன்று என்றாலும் எழுது.

அப்பா