டிக் சத்தத்தைக் கேள், செல்ஃப் மோட்டாரை அப்புறம் மாற்றலாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் எந்தச் சாமானையும் தரையில் வைக்க முடிவதில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை மாறியிருக்கிறான். புது இடம் பிடித்திருக்கிறது என்கிறான். என் முழங்கால் பரவாயில்லை, மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்கிறேன். மற்ற கதையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வண்டியைப் பற்றி நீ எழுதியதற்கு முதலில் பதில் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் நீ அவசரப்பட்டுச் செலவு செய்துவிடுவாய்.

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்கிறது, இன்ஜின் சுற்றுவதில்லை. பார்க்க வந்தவர் செல்ஃப் மோட்டார் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்கிறார். போடலாமா? இதுதானே நீ கேட்டது? கொஞ்சம் பொறு, எதையும் வாங்காதே. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் மீட்டரைக் கையில் எடுக்காமலே சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் உறுத்துகிறது. பட்டறையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது இதைத்தான்: முதலில் பேட்டரியை மாற்றுவார்கள், பிறகு மோட்டாரை மாற்றுவார்கள், கடைசியில் கோளாறு ஒரு நட்டு லூஸாக இருந்ததில் வந்து நிற்கும்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சாவியைத் திருப்பியதும் மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போய்விடுவதில்லை. பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும்போது 100, 150 ஆம்பியர் என்று இழுக்கும். டீசல் வண்டியில் இன்னும் அதிகம். அத்தனையும் சாவி வழியாகப் போனால் சாவி சுவிட்ச் கருகிவிடும். அதனால் சாவி ஒரு சின்ன ரிலேவை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, இயக்கும், ரிலே மோட்டாரின் மேல் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டை இயக்கும். சொலினாய்டுக்குள் ஒரு இரும்புத் தண்டு இருக்கிறது. அது இழுபடும்போது சின்னப் பல்சக்கரத்தை ஃப்ளைவீல் பற்களோடு கோத்துவிடுகிறது. அதே இழுப்பில் ஒரு செப்புத் தகட்டை இரண்டு தடித்த முனைகளின் மேல் அழுத்தி, பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. அந்தத் தண்டு போய் முட்டும் சத்தம்தான் உனக்குக் கேட்பது.

ஆகவே சத்தம் வருவது நல்லதுதான். சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் நிலையைப் பார்க்கும் சுவிட்ச், அந்த மெல்லிய ஒயர்கள் எல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. நீ தேட வேண்டியது தடித்த கேபிள் போகும் பாதையில் மட்டும்தான்: பேட்டரி, அதன் டெர்மினல்கள், கேபிள், எர்த் (பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் இணைப்பு), சொலினாய்டு, மோட்டார். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சத்தம் இன்ஜின் பக்கம் இல்லாமல் ஃபியூஸ் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாக வந்தால் அது ரிலே மட்டும் தட்டும் சத்தம். அப்போது ரிலேவிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் ஒயரைப் பார்க்க வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயத்தை நீ எழுதவில்லை. சத்தம் ஒரு தடவை வருகிறதா, விடாமல் வருகிறதா? சாவியைப் பிடித்திருக்கும் வரை ‘டிக்டிக்டிக்டிக்’ என்று படபடவென வந்தால் பெரும்பாலும் பேட்டரியில் தெம்பில்லை, இல்லாவிட்டால் டெர்மினல் சரியாகத் தொடவில்லை. தண்டு இழுபட்டுச் செப்புத் தகடு தொட்டதும் மோட்டார் பெரிய மின்சாரத்தை இழுக்கிறது. அந்தச் சுமையில் வோல்டேஜ் சரிகிறது, தண்டைப் பிடித்து வைக்கப் பலம் போதாமல் அது பின்னால் வந்துவிடுகிறது. சுமை விலகியதும் வோல்டேஜ் ஏறி மறுபடியும் இழுக்கிறது. இதுவே திரும்பத் திரும்ப நடப்பதுதான் அந்தப் படபடப்பு. மாறாக, கனமாக ஒரே ஒரு ‘டொக்’, அதன் பிறகு அமைதி என்றால் சந்தேகம் சொலினாய்டின் செப்பு முனைகள் மேலும் மோட்டாரின் கார்பன் பிரஷ் (உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) மேலும் திரும்பும். மோசமான எர்த்தும் இப்படிச் சத்தம் கொடுக்கும் என்பதால் சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

‘ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே, பேட்டரி எப்படி டவுனாக இருக்கும்?’ என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. பழைய பல்பு ஹெட்லைட் ஒன்றுக்குச் சுமார் 5 ஆம்பியர் போதும், இந்தக் கால எல்இடி விளக்குக்கு அதுகூட வேண்டாம். மோட்டாருக்கு வேண்டியதோ 150. ஒரு டெர்மினலில் களிம்பு பிடித்து ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை உண்டாகிவிட்டது என்று வை. 5 ஆம்பியர் போகும்போது அந்த இடத்தில் வெறும் 0.1 வோல்ட்தான் நஷ்டம், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் கேட்டால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும், மோட்டார் திணறிவிடும். அதனால் லைட்டைப் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. லைட் எரியும்போதே சாவியைத் திருப்பி அது என்ன ஆகிறது என்று பார். அணைந்தேவிட்டால் பேட்டரி அல்லது டெர்மினல். கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் பேட்டரியிலிருந்து பெரிய மின்சாரம் கிளம்பவே இல்லை: சொலினாய்டுக்குள்ளோ பிரஷ்ஷிலோ தடித்த கேபிளிலோ பாதை அறுந்திருக்கிறது. நன்றாக மங்கி, ஆனால் அணையாமல் நின்றால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கவும் செய்யலாம்.

சரி, இப்போது பானட்டைத் திற. கையில் இருக்கும் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடு. டெர்மினல் கிளாம்பைக் கையால் திருகிப் பார். கையால் அசைந்தால் அதுவே போதும், நோய் தெரிந்துவிட்டது. வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு படிந்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்று, நுரைத்து அடங்கியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஈயம் பளபளக்கும்வரை சுத்தம் செய். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காமல் இருப்பதற்குத்தான் இந்த வரிசை.

அடுத்தது மீட்டர். சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியைச் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அள. 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்று, மற்றதை அப்புறம் பார்க்கலாம். சார்ஜ் ஏற்றியும் 10.5-ஐத் தாண்டவில்லை என்றால் உள்ளே ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அந்த பேட்டரி தேறாது. சும்மா இருக்கும்போது காட்டும் கணக்கை மட்டும் நம்பிவிடாதே. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வேறு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி அந்த நேரத்தில் பார். இன்ஜின் சுற்றும்போது நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாது.

இனிமேல் சொல்வதைத்தான் பலர் செய்வதில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே வை, மறு முனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் வை. சாவியைத் திருப்பும்போது மீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றும் வரக் கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் அந்த இணைப்புதான் திருடன். அதே மாதிரி நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்புக்கும் இடையே அள. 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது, அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கவனி. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து தடித்த கேபிள் வந்து சேரும் சொலினாய்டு முனைவரையும் இப்படியே அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்றை ஞாபகம் வை: மின்சாரம் ஓடினால்தான் இந்த நஷ்டம் தெரியும். பேட்டரியில் வோல்டேஜ் இறங்கவே இல்லை, இந்த மூன்று இடத்திலும் நஷ்டமும் இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால், அப்போது சொலினாய்டையோ மோட்டாரையோ தாராளமாகக் குற்றம் சொல்லலாம்.

பட்டறையில் ஒரு வேன் வந்தது நினைவிருக்கிறது. புது பேட்டரி, புது மோட்டார் எல்லாம் போட்டு அலுத்துப்போய் எங்களிடம் கொண்டுவந்தார்கள். எங்கள் மூத்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. எர்த் கேபிளில் மட்டும் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார், ஏறக்குறைய 4 வோல்ட் வந்தது. வெளியே பார்த்தால் கேபிள் நன்றாகத்தான் இருந்தது. கேபிளின் முனையில் இருக்கும் லக் அருகே மட்டும் கறுப்பு உறை லேசாக உப்பியிருந்தது. அவர் அந்த இடத்தை விரலால் மடித்ததும் உறை விரிந்து உள்ளேயிருந்து பச்சைத் தூள் கொட்டியது. செப்பு இழைகளில் நாலைந்துதான் முழுசாக மிச்சம். கேபிளை மாற்றியதும் வண்டி முதல் திருப்பிலேயே எடுத்தது. அவர் அந்தக் கேபிளை எறியாமல் வெகுகாலம் சுவரில் தொங்கவிட்டிருந்தார், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்டுவதற்காக.

மோட்டார்தான் என்று முடிவானால், அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால், தேய்ந்த பிரஷ் நகர்ந்து சில நேரம் எடுத்துவிடும். ஓங்கி அடித்துவிடாதே. இப்போதைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே காந்தம் ஒட்டியிருக்கிறது, அது உடையும். தட்டி எடுத்த வண்டியை நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோ, நடுவழியில் நிறுத்தாதே. பிரஷ், செப்பு முனை மாற்றிச் சரிசெய்யக்கூடிய மோட்டார்கள் நிறைய உண்டு, முழு மோட்டாரும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இதையும் கேட்டுவிட்டு முடிவு செய்.

வெள்ளத்தில் வண்டியை ஓட்டிய பிறகு இந்த ‘டொக்’ கேட்டால் மட்டும் சாவியை இன்னொரு தடவை தொடாதே. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் நின்றிருக்கும். மேலும் சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

சாதாரண நேரத்திலும் செல்ஃபை விடாமல் பிடித்திருக்காதே. 10 வினாடிக்கு மேல் வேண்டாம், ஆறவிட்டு மறுபடி முயற்சி செய். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் செல்ஃப் வந்தபோது அதை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங் பிடித்துக்கொண்ட சூட்சுமமே இதுதான்: சில வினாடி மட்டும் ஓடப்போகும் மோட்டார் என்றால், சின்னதாக இருந்தாலும் அதன் சக்திக்கு மீறிய சுமையைக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் கைப்பிடியைச் சுற்றிக் கை முறிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர் செய்த உபகாரத்தை நான் சாவி திருப்பும் போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வேறு வண்டியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் போடும்போது: சிவப்பை உன் பாசிட்டிவில் மாட்டி, மறு முனையை அந்த வண்டியின் பாசிட்டிவில் மாட்டு. கறுப்பை அந்த வண்டியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையை உன் இன்ஜினின் வெறும் இரும்பில் மாட்டு, பேட்டரியில் அல்ல. கடைசி இணைப்பில் பொறி தெறிக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பிடிக்கும். கழற்றுவது இதற்கு நேர் தலைகீழ். வண்டி எடுத்தபின் பேட்டரியில் அளந்தால் 14 வோல்ட்டையொட்டி இருக்க வேண்டும். 12.5-லேயே நின்றால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புது பேட்டரி போட்டாலும் நாளைக்கு இதே கதைதான். ஓடும்போது பேட்டரியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், கம்ப்யூட்டர் பெட்டி போய்விடும்.

இந்த வாரத்துக்குள் ஒரு காகிதத்தில் குறித்து அனுப்பு: சத்தம் ஒன்றா பலவா, லைட் என்ன ஆனது, சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட், சாவி திருப்பும்போது எத்தனை, எர்த்தில் எத்தனை. அதைப் பார்த்துவிட்டு என்ன மாற்றுவது என்று எழுதுகிறேன். அதுவரை அந்த மெக்கானிக்கிடம் பொறுக்கச் சொல். தங்கைக்கு என் வணக்கம், பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்

பி.கு.: பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோவில் நீ வைத்திருக்கும் நிலையங்களும் அழிந்துபோகலாம். சில வண்டிகளில் ரேடியோ ரகசிய எண் கேட்கும். அந்த எண்ணை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ஸ்பேனரை எடு.