துளை போடுவதற்கு முன்னால்

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் வந்தது. மகள் படிப்பை முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே தூத்துக்குடியில் தடைக்காலம், விசைப்படகெல்லாம் ஜூன் 14 வரை கரையில்தான், சீலா விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தூண்டில் போடுகிற சின்னப் படகுக்காரர்கள் பாடு பரவாயில்லை.

சரி, நீ வாங்கியிருக்கிற ஃபிஷ் ஃபைண்டருக்கு, அதாவது ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டுகிற கருவிக்கு வருகிறேன். சென்சாரைப் பின்பலகையில் ஸ்குரூ போட்டு முடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். டிரில்லிங் மெஷினை எடுக்காதே. ஃபைபர் படகின் பின்பலகை பெரும்பாலும் முழு ஃபைபராக இருக்காது, உள்ளே பிளைவுட் வைத்து மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை போட்டால் என்ன அடைத்தாலும் என்றைக்காவது ஈரம் இறங்கிவிடும், பலகை உளுத்தது எஞ்சின் ஆடும்போதுதான் தெரியும்.

படகுக்கு உள்ளேயே, அடித்தளத்தில் ஒட்டிவிடு. சென்சார் சத்தத்தை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் ஆழம் சொல்கிறது; அந்தச் சத்தம் கெட்டியான ஃபைபரைத் தாண்டிப் போகும், காற்றைத்தான் தாண்டாது. அதனால் ஒட்டுகிற இடத்தில் தெர்மாகோலோ ஃபோமோ மரமோ நடுவில் இருக்கக் கூடாது. உன் படகில் மேல்தளத்துக்குக் கீழே மிதப்புக்காக ஃபோம் அடைத்திருக்கலாம், முதலில் அதைப் பார். பின்பக்கமாக, ஏராவுக்கு (அடியில் நடுவே நீளமாக ஓடுகிற முதுகெலும்புக்கு) அருகில், ஓடும்போதும் தண்ணீரை விட்டு எழும்பாத இடமாகத் தேர்ந்தெடு.

பசையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. படகைத் தண்ணீரில் இறக்கி, அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சென்சாரின் முகம் முழுவதும் அதில் முங்கும்படி வைத்து ஆழம் பார்த்துக்கொள். அப்புறம் அதையே படகுக்கு வெளியே கடலில் பிடித்துப் பார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் இடம் சரி. உள்ளிருந்து பார்க்கும்போது சத்தம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனால் பாம்பனுக்கு வடக்கே பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தானே, அங்கே அது ஒரு குறையே இல்லை.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகுகிற எப்பாக்ஸி வாங்கு. சட்டென்று இறுகுவதில் குமிழி மாட்டிக்கொள்ளும், சிலிக்கான் வேண்டவே வேண்டாம். இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காயவிடு. பசையை அடித்துக் கலக்காதே, குழைத்துக் கல. ஊற்றிய பிறகு சென்சாரை ஒரு ஓரமாகச் சாய்த்து வைத்து, மெல்லத் திருகிக்கொண்டே அழுத்தினால் காற்று மறுபக்கம் வழியாக வெளியேறும். ஒரு முழு நாள் அதை அசைக்காதே.

இப்படி உள்ளே ஒட்டினால் கிடைக்காமல் போகிறவையும் உண்டு. தண்ணீரின் சூடு என்று திரையில் காட்டுவது படகின் அடித்தளத்தின் சூடாகத்தான் இருக்கும். 200 கிலோஹெர்ட்ஸ் சாதாரண சோனார் நன்றாக வேலை செய்யும், ஆனால் கடலடிப் பாறையைப் படம்போல் காட்டுகிற டவுன் ஸ்கேன், சைடு ஸ்கேன் எல்லாம் ஃபைபர் வழியாக உருப்படியாக வராது. அதற்காகவே கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருந்தால் சென்சார் வெளியே தண்ணீரில்தான் இருக்க வேண்டும். அப்போதும் துளை வேண்டாம், பின்பலகையில் ஒரு கெட்டியான ஃபைபர் கட்டையை நல்ல பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, ஸ்குரூவை அந்தக் கட்டையில் மட்டும் போடு. காய்கறி வெட்டுகிற பிளாஸ்டிக் பலகையை ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே, அதில் பசை பிடிக்காது. உறிஞ்சுகப் வைத்ததும் கடையில் கிடைக்கிறது, துடுப்புப் படகுக்குச் சரி, நீ எஞ்சினை முறுக்குகிற வேகத்துக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வயர் நீளம் என்று வெட்டிவிடாதே, சுருட்டி வை. எஞ்சின் வயரோடு சேர்த்தும் கட்டாதே, திரை முழுக்கக் கோடு கோடாக வரும்.

பெட்டியில் சென்சாரின் மாடல் எழுதியிருக்கும், படகின் அடித்தளத்தையும் ஒரு போட்டோ எடுத்து இரண்டையும் அனுப்பு. பார்த்துவிட்டு உள்ளேயா வெளியேயா என்று சொல்கிறேன், அதுவரை பசை வாங்காதே.

அன்புடன்,
ராஜன்