யாழ்ப்பாணத்துக்கு மகனைக் கூட்டிப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

மகனுக்கு இரண்டரை வயது. பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டத் திகதி கிடைத்துவிட்டது. புதுக்குடியிருப்பிலிருந்து புறப்பட இன்னும் ஒரு கிழமை இருக்கிறது, அது காணும்.

இன்றைக்கே ஒரு கொப்பியைக் குசினியில் தொங்கவிடுங்கள். அவன் சொல்வதை அவன் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். 'அண்ணி' என்று கேட்டதை 'தண்ணி' என்று திருத்தி எழுதினால், எந்த எழுத்து விழுகிறது என்பது மறைந்துபோகும். மாட்டைக் கண்டபோதெல்லாம் 'ம்பா' என்றால் அதுவும் ஒரு சொல்தான். நீங்கள் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொன்னவை வேறு பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களையும், 'அம்மா வா' மாதிரி இரண்டு சொல் சேர்ப்பதையும் எதிர்பார்ப்பார்கள். சேர்த்துச் சொன்னதற்குக் கீழே கோடு போடுங்கள்.

எல்லாரும் ஏமாறுவது, நாம் சொல்வது பிள்ளைக்கு விளங்குகிறதா என்பதில்தான். 'செருப்பை எடுத்து வா' என்னும்போது நம் கண் செருப்புக்குப் போகும், நாடியும் அந்தப் பக்கம் திரும்பும். பிள்ளை அதைப் பார்த்துத்தான் ஓடுகிறான். கையைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்து, 'பந்தை எடுத்து அப்பம்மாட்டைக் குடு' என்று ஒரு தடவை சொல்லுங்கள். பந்தோடு நின்றுவிட்டால் அதையும் எழுதுங்கள்.

போனில் இரண்டு நிமிட வீடியோ மூன்று வேண்டும்: விளையாடும்போது, சாப்பிடும்போது, அக்காவோடு சண்டை பிடிக்கும்போது. போனை அவன் கண் உயரத்துக்கு இறக்கினால்தான் வாய் தெரியும். 'இது என்ன, சொல்லு' என்று கேட்கவே வேண்டாம். புது அறையில் வாயே திறக்காத பிள்ளைகள் நிறைய. அன்று இந்த வீடியோதான் கைகொடுக்கும்.

காது கேட்கும் சோதனை செய்யவில்லையென்றால் கேட்டுச் செய்வியுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. சளியால் நடுக்காதில் நீர் தேங்கினால் பலத்த சத்தம் கேட்கும், மெதுவான ஒலிகள் மங்கிவிடும். குறும்பியைக் கிளிப்பால் தோண்டாதீர்கள்.

கிளினிக் கொப்பியை மறக்கவேண்டாம். பிறந்த நிறை, எத்தனையாம் கிழமையில் பிறந்தான், மஞ்சள்காமாலைக்கு லைற்றில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா, காதில் சீழ் வடிந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். போன் பார்க்கும் மணித்தியாலத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். (யாரும் ஏசினால் அது அவர்கள் பிழை.) 'தகப்பனும் மூன்று வயசிலதான் கதைச்சவன்' என்று மாமி சொல்வா. அதுவும் தேவையான தகவல்தான், ஆனால் திகதியைத் தள்ளிப்போட அது காரணமில்லை. நாக்கில் வசம்பு தேய்ப்பதும் வேண்டாம்.

விடியப்புற பஸ்ஸில் பரந்தன் தாண்டமுதல் நித்திரை தூங்கினால் தூங்கட்டும். சாப்பாடும், பழகிய விளையாட்டுச் சாமான் ஒன்றும் பையில் இருக்கட்டும். வழியெல்லாம் போனைக் கொடுத்துவிட்டு அறை வாசலில் பறித்தால் சோதனை நேரம் அழுகையிலேயே கழியும். உள்ளே அவனிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் முந்தாதீர்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியதைச் செய்து காட்டும்போது வீடியோ எடுக்கலாமா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாக வீட்டுக்குக் கொண்டுவந்தால் அப்பாவிடம் ஒரு மாதிரியும் அப்பம்மாவிடம் வேறு மாதிரியும் போய்ச் சேரும்.