பொருந்தாத பிரேக் பாகங்களும் திரும்பி வராத என் பழைய ஷூக்களும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 1959 மோரிஸ் மைனருக்குத் தவறான பிரேக் பாகங்கள் அனுப்பியது; மாற்றுக்காகக் கொடுத்த அசல் ஷூக்களைத் திருப்பிக் கேட்பது

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என்னிடம் இருப்பது 948 சிசி இன்ஜின் கொண்ட 1959 மோரிஸ் மைனர் கார். அதன் முன்சக்கரங்களுக்காக உங்கள் நிறுவனத்தில், டிரம்முக்குள் விரிந்து அழுத்தும் பிரேக் ஷூ செட்டும், ஆயில் அழுத்தத்தால் அந்த ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர்களும் வாங்கினேன். இரண்டுமே என் வண்டிக்கு உரியவை அல்ல. கட்டிய பணம் எனக்குத் திரும்ப வேண்டும். அதைவிட அவசரமான ஒன்று உண்டு. புது லைனிங் (உராய்வுப் பட்டை) போட்ட ஷூக்களுக்கு மாற்றாக என் வண்டியின் பழைய ஷூக்களை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அவை வேறொருவருக்குப் போய்விடுவதற்கு முன் என்னிடம் வந்து சேர வேண்டும். இந்தக் கடிதத்தை எழுத முதல் காரணம் அதுதான்.

ஷூ விஷயத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். மோரிஸ் மைனர் 1948-இல் வந்த வண்டி. தொடக்கத்திலிருந்து அதன் முன்சக்கர டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை, ஏழு அங்குலம். 1962-இல் 1098 சிசி இன்ஜின் வந்தபோதுதான் முன்பக்க டிரம்மை எட்டு அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். இந்த வண்டியை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். உங்கள் விலைப்பட்டியலிலோ ஷூ செட்டுக்குக் கீழே "மோரிஸ் மைனர், எல்லா மாடல்களுக்கும்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி நான் ஆர்டர் கொடுக்கவில்லை. படிவத்தில் வருடம், இன்ஜின் அளவு, நானே அளந்த டிரம் விட்டம் மூன்றையும் எழுதினேன். அப்படியும் வந்தது எட்டு அங்குல ஷூ. ஏழு அங்குல டிரம்முக்குள் அது நுழையக்கூட வழியில்லை.

இதைச் சொன்னதும் உங்கள் ஊழியர் கொடுத்த யோசனை, எட்டு அங்குல டிரம்முக்கே மாறிவிடுங்கள் என்பது. சிலர் அப்படி மாற்றிக்கொள்கிறார்கள், பிரேக்கும் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அதற்கு டிரம், ஷூவும் சிலிண்டரும் பொருத்தப்படும் பின்தட்டு, சிலிண்டர் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். என் வண்டி தயாரானபடியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தவறான பாகத்தை அனுப்பியவர்கள், அதற்கேற்ப வண்டியை மாற்றிக்கொள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்தது வீல் சிலிண்டர். இதுதான் எனக்கு உண்மையில் பயத்தைக் கொடுத்தது. பழைய சிலிண்டர்களின் உட்சுவரில் துரு ஏறிக் குழி விழுந்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வண்டி ஓடாமல் நின்றால் அந்த ஈரம் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததே. குழி விழுந்த சுவரில் புது ரப்பர் கப் போட்டாலும் கசியும் என்பதால் முழு சிலிண்டராகவே வாங்கினேன்.

இந்த வண்டியில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் இரண்டு சிலிண்டர்கள். பின்தட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழாய் இரண்டையும் இணைக்கிறது. அந்தக் குழாயின் நட்டை உங்கள் புதுச் சிலிண்டரில் விரலாலேயே திருகிப் பார்த்தேன். இரண்டு மூன்று சுற்று தடையே இல்லாமல் போனது. பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்று ஆடியது. அப்புறம் திடீரென்று இறுகியது. அந்த இடத்தில் ஸ்பேனர் போட்டிருந்தால், நன்றாக முடுக்கிவிட்டோம் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

நட்டைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்ததில் காரணம் தெரிந்தது. என் வண்டியில் உள்ளது மூன்று நூல் நட், அதாவது 3/8 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 24 மரை (திருகுப்புரி). மில்லிமீட்டரில் 9.525. நீங்கள் அனுப்பிய சிலிண்டரில் வெட்டியிருப்பது 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை, சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். பெரிய துளைக்குள் சிறிய நட். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. மரையின் நுனிகள் மட்டும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். இடைவெளியும் ஒத்துப்போகாததால் சில சுற்றுகளில் சிக்கிக்கொண்டு இறுகியது போல் காட்டும். பெடலை அவசரமாக மிதிக்கும் நேரத்தில் அந்தக் குழாய்க்குள் சதுர அங்குலத்துக்குப் பல நூறு பவுண்டு அழுத்தம் ஏறுகிறது. அப்போது மரை பிய்த்துக்கொண்டால் ஆயில் முழுவதும் வெளியே போகும்.

என் வண்டி பிரேக் ஒற்றைச் சுற்று. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில். ஓரிடத்தில் குழாய் விட்டால் நான்கு சக்கரத்திலும் பிரேக் கிடையாது, மிஞ்சுவது கைபிரேக் மட்டுமே. அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று (ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் இரு தனி ஆயில் வழிகள்) கட்டாயமானதே இந்த ஆபத்தால்தான். அதற்கு முந்தைய வண்டிகளுக்குப் பாகம் விற்பவர், புது வண்டிக்கு விற்பவரைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டாமா?

மரை பொருந்தவில்லை என்று தொலைபேசியில் சொன்னபோது, நட்டில் டெஃப்லான் டேப் சுற்றி முடுக்கச் சொன்னார்கள். கேட்டதும் பதறிப்போனேன். தண்ணீர்க் குழாய்க்குச் சொல்லும் வைத்தியம் இது. பிரேக் குழாயில் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது மரை அல்ல. குழாயின் விரித்த முனை துளையின் அடியில் அழுந்தி உட்காருவதால்தான் அடைப்பு கிடைக்கிறது. முனையை அழுத்திப் பிடிக்கும் வேலை மட்டுமே மரைக்கு. பிடிக்காத மரையை டேப் பிடிக்க வைக்காது. மேலும், டேப்பிலிருந்து பிய்ந்த துணுக்கு ஆயிலோடு போய் மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் திரும்புதுளையை அடைத்தால், பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கும். அந்த ஊழியரைத் தண்டிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் விவரம் தெரியாதவர்கள் பிரேக் பற்றி வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்வது இன்றே நிற்க வேண்டும்.

சிலிண்டர் வந்த உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே இருக்கும் ரப்பர் என்ன வகை, எந்த ஆயிலுக்கானது, எப்போது தயாரானது என்று எதுவுமே அதில் அச்சாகவில்லை. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்கான ரப்பரில் மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும். ரப்பருக்கு வயதும் ஆகும், அலமாரியில் சும்மா இருந்தாலும் இறுகும். எந்த ஆயில் ஊற்றுவது என்று வாங்குபவர் ஊகித்துக்கொள்ள வேண்டுமா?

இந்த வண்டிகளுக்குத் தொழிற்சாலை பாகம் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு உங்களைப் போன்ற விற்பனையாளர்கள்தான் கதி. அதனால்தான் என் பழைய ஷூக்களை நம்பிக் கொடுத்தேன். லைனிங் தேய்ந்திருந்ததே தவிர, இரும்புச் சட்டம் வளையாமல், ஓட்டைகள் அகலாமல் அப்படியே இருந்தது. அந்தச் சட்டம் இருந்தால் எந்த நல்ல பட்டறையிலும் புது லைனிங் போட்டுக்கொள்ளலாம். அது போனால் வேறு தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். இப்போது வண்டி டிரம் கழற்றிய நிலையில் ஸ்டாண்டில் நிற்கிறது.

ஆகவே நான் கேட்பவை இவை. என் அசல் ஷூக்கள் இன்னும் உங்கள் கிடங்கில் இருந்தால், லைனிங் போடாத நிலையிலேயே அனுப்பிவிடுங்கள். வேறு யாருக்காவது போயிருந்தால், அதே ஏழு அங்குலச் சட்டங்களை அதே தரத்தில் தேடித் தருவது உங்கள் பொறுப்பு. எட்டு அங்குல செட்டை அதற்கு ஈடாக நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். ஷூ, சிலிண்டர் இரண்டின் விலையும் போகவர ஆன அனுப்பும் செலவும் திரும்ப வேண்டும். சிலிண்டர்களை உறையோடு பத்திரமாக வைத்திருக்கிறேன், உங்கள் ஆட்கள் வந்து எடுத்துச் செல்லலாம். பழைய சிலிண்டர்களுக்கே உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உட்குழாய்) போட ஏற்பாடு செய்துவிட்டேன், எனவே மாற்றுச் சிலிண்டர் அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று எனக்காகக் கேட்பதல்ல. அந்தச் சிலிண்டர் இப்போதும் உங்கள் பட்டியலில் விற்பனையில் இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் விவரம் உங்களிடம் இருக்கும். ஒவ்வொருவரையும் அழைத்து, மரையைச் சரிபார்க்கும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்களில் யாராவது அந்த நட்டை ஸ்பேனர் போட்டு முடுக்கி, இறுகிவிட்டது என்று நம்பி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

அவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா, என் ஷூக்கள் எங்கே இருக்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். ஆர்டர் படிவத்தின் நகலையும், நட்டும் துளையும் அளந்தபோது எடுத்த படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்