அசையாமல் நின்ற கோல்கீப்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெனால்டியில் அசையாமல் நின்று கோல் வாங்கும் கீப்பரை உங்கள் விளையாட்டுப் பக்கம் கடுமையாகவே விமர்சிக்கிறது. மைக்கேல் பார்-எலி உள்ளிட்ட இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை அலசி 2007-இல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொல்கிறது. சுமார் 29 சதவீதப் பந்துகள் கோலின் நடுப்பகுதிக்கே வந்தன. கீப்பர்கள் நடுவில் நின்றதோ 6 சதவீதம்தான். நின்றபோது மூன்றில் ஒரு பந்தைத் தடுத்தார்கள். பாய்ந்தபோது ஏறக்குறைய ஏழில் ஒன்று.

பிறகு ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்து கோட்டை விட்டால் ‘முயன்றார்’ என்பார்கள், நின்று விட்டால் ‘மரம் மாதிரி நின்றான்’ என்பார்கள். எல்லாரும் செய்வதைச் செய்யாமல் தோற்றால் மனம் கூடுதலாக உறுத்தும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால், கீப்பர் நடுவில் நின்ற உதைகள் மொத்தமே 18-தான். அதை நம்பி எல்லாக் கீப்பரையும் நிற்கச் சொல்ல முடியாது. உதைப்பவர்கள் என்ன, கண்ணை மூடிக்கொண்டா உதைக்கிறார்கள்? மூலைக்கு மாறிவிடுவார்கள். எப்போதாவது ஒருவர் துணிந்து நின்றால், உங்கள் நிருபர்கள் அவரைத் திட்டாமலாவது இருக்கலாம்.

– கால்பந்து ரசிகர், திண்டுக்கல்